ஜெஸிமாவின் எட்டு நாள்

ஜெஸிமாவும் நானும் பாலக்கரையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு வரை படித்தோம். நான் மேலே படித்து வக்கீலானேன். அவள் பத்தொன்பது வயதில் ஜமீலைக் கட்டிக்கொண்டு சமையலில் இறங்கினாள். இரண்டு பேரில் யார் தொழிலில் கெட்டிக்காரி என்று கேட்டால் தயங்காமல் அவளைத்தான் காட்டுவேன். நான் தோற்ற வழக்குகள் நிறைய உண்டு. அவள் கெடுத்த சோறு என்று ஒன்று கிடையாது.

ஜமீலுக்குப் பெரிய கடைவீதியில் பெட்டி, பை பழுது பார்க்கிற சின்னக் கடை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். குழந்தை இல்லை. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தபோதுதான் ஜெஸிமா வெளிநாட்டுக்குப் போக ஒத்துக்கொண்டாள். கூட்டிப் போனவர் வீரமலை. லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படித்து மேலே போய்த் தூதரக அதிகாரியானவர். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் இவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டே வருஷம்மா, உன்னை என் தங்கச்சி மாதிரி பார்த்துக்கிறேன்" என்று சொன்னார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கிப் பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தூதரக வீடு, முக்கியமானவர்கள் வந்து போகிற இடம், வேலை நேரத்தில் போன் கூடாது என்றார் அவர் மனைவி ரஞ்சனி. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு அரை மணி நேரம் போன் கையில் கிடைக்கும். அந்த அரை மணி நேரம் ஜமீலுக்கு. இப்படியே பதினாறு மாதம் ஓடியது.

2023 ஜனவரி 19, வியாழக்கிழமை விடியற்காலையில் ஜமீல் மௌத்தாகிவிட்டார். அன்று மாலையே அடக்கம் செய்தாயிற்று. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஜமீலின் தம்பி ஹாலித் அண்ணியின் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வீரமலையின் நம்பருக்கு அடித்தான். அவர் எடுத்தார், பேசினார். வைத்த பிறகு ஹாலித் எங்களிடம், "அண்ணிக்கு அவரே பக்குவமா சொல்லிக்கிறாராம். நாம யாரும் போன் பண்ண வேணாமாம்" என்றான். பெரிய மனிதர் சொல்கிறார் என்று நாங்களும் நம்பினோம். வக்கீல் நானும் நம்பினேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 26 அன்று குடியரசு தின விருந்து. இருநூறு பேர். அந்த விருந்துக்குத் தலையே ஜெஸிமாவின் பிரியாணிதான். வீரமலை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். இன்றைக்குச் சொன்னால் இவள் ஊருக்குப் போவேன் என்பாள், இல்லாவிட்டால் மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் போனை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

எங்களில் புருஷன் இறந்தால் பெண்ணுக்கு இத்தா. நாலு மாதம் பத்து நாள். அலங்காரம் கிடையாது, பூ கிடையாது, பளிச்சென்ற துணி கிடையாது, அவசியமில்லாமல் வாசல் தாண்டுவது கிடையாது. அது தண்டனை இல்லை. செத்தவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை. அந்த எட்டு நாளும் ஜெஸிமா என்ன செய்தாள் தெரியுமா? வெங்காயம் நறுக்கினாள். மசாலா அரைத்தாள். ரஞ்சனி கொடுத்த பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, தட்டேந்தி நின்று வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அதை யாரோ போட்டோ எடுத்துத் தூதரகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். ஊரில் அதைப் பார்த்த சொந்தக்காரப் பெண்கள், "புருஷன் அடக்கமாகி ஒரு வாரம்தான் ஆகுது, இவளைப் பாரு" என்று பேசினார்கள். என் காதாலேயே கேட்டேன்.

27ஆம் தேதி காலை, பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கி முடித்த பிறகு, வீரமலை அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். "எப்ப சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லாமல், "டிக்கெட் போடச் சொல்லிருக்கேன்" என்றார். போனை வாங்கி ஹாலித்திடம் பேசின பிறகுதான் அவளுக்குத் தேதியே தெரிந்தது.

அழுதுகொண்டிருக்கவில்லை அவள். போட்டிருந்த துணியோடு வெளியே நடந்து, தெருத்தெருவாகக் கேட்டு, அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். ஒரு பெண் போலீஸ் டீ வாங்கிக் கொடுத்து, மொழி தெரிந்த ஆளை வரவழைத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாளாம். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து வந்து, "அவர் தூதரக அதிகாரி. எங்களால் அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக்கூட முடியாது, எங்கள் நாட்டுச் சட்டம் அவரைத் தொடாது" என்று சொல்லி, அந்தப் பெண் போலீஸே கண் கலங்கினாளாம்.

வீட்டுக்குத் திரும்பியவளை வீரமலை திட்டவில்லை. சிரித்தார். "போலீஸுக்கா போனே? என் வீட்டு வாசப்படியை அவங்க தாண்ட முடியாதும்மா. இந்த நாட்டு மந்திரியே வந்தாலும் என் அனுமதி வேணும். போய் பெட்டியைக் கட்டு" என்றார்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். மன்னிப்பு கேட்டிருந்தால் ஜெஸிமா அழுது தீர்த்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிப்பட்டவள்தான். சிரித்தாரே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஊருக்கு வந்து ஜமீல் வீட்டு உள்ளறையில் இத்தா உட்கார்ந்தாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: இறந்த நாளிலிருந்துதான் கணக்கு, தெரியாமல் கழிந்த நாட்களுக்குக் குற்றமில்லை, மே கடைசியில் முடிந்துவிடும் என்று. முடிந்த அன்று நான் புதுப்புடவையோடு போனேன். ஜெஸிமா வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

"இன்னும் எட்டு நாள் இருக்கு ரிஃபானா."

"ஹஜ்ரத்தே முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாரே."

"மார்க்கத்துக்கு முடிஞ்சிருச்சு. ஜமீலுக்கு முடியல. அந்த எட்டு நாளை அவருக்கு நான் குடுக்கணும்."

அந்த எட்டு நாளும் அதே அறையில் இருந்தாள். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியில் உட்காராமலே கேட்டாள்.

"அவரு மேல கேஸ் போட முடியுமா? எனக்குக் காசு வேணாம். எந்தத் தேதியில அவருக்குத் தெரியும்னு நாலு பேர் முன்னால அவரு வாயால சொல்லணும். அது போதும்."

நான் ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். தூதர்களுக்கு அப்படியொரு கவசம் இருப்பது உண்மைதான். வியன்னாவில் நாடுகள் எல்லாம் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம். ஒரு நாட்டுத் தூதரை இன்னொரு நாடு பொய் வழக்குப் போட்டு மிரட்டக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ஒப்பந்தத்தில், அதே பிரிவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: போன இடத்தில் கிடைக்கிற பாதுகாப்பு, அனுப்பின நாட்டின் சட்டத்திலிருந்து அவரை விடுவிக்காது. அந்த ஊர் போலீஸ் அவரைத் தொட முடியாது. நம்ம ஊர் கோர்ட் கூப்பிடலாம்.

அவளுக்கு இதை விளக்கிச் சொன்னேன். "அங்கதான் அவரு தூதர். இங்க வந்தா அவரும் நம்ம மாதிரி கரண்ட் பில் கட்டுற ஆளுதான். ஆனா வரணும். வந்து இங்க குடியிருக்கணும். அதுவரைக்கும் பொறுமையா இரு."

"நாளாயிட்டா கேஸ் போயிடுமா?"

"போகாது. எதிராளி நாட்டை விட்டு வெளியே இருக்கிற காலம் கெடுவில் சேராது. அவரு எத்தனை நாள் வெளிய இருந்தாலும் நமக்கு நஷ்டமில்லை."

அன்றைக்குத்தான் அவள் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிவு வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சமையலுக்குச் சேர்ந்தாள். வீரமலை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டி ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். ரிடையரானதும் அங்கேதான் என்று ரஞ்சனி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாளாம். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெஸிமா ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவாள். அந்த அடுக்குமாடி வாட்ச்மேனிடம், "மூணாவது மாடி சார் வந்துட்டாங்களா? சமையல் வேலை கேட்கணும்" என்பாள். இல்லை என்றதும் அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். ஒரு வருஷம் இப்படியே போய் வந்தாள். மழைக்கும் நிற்கவில்லை, ரம்ஜான் நோன்புக்கும் நிற்கவில்லை.

2024 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "வந்துட்டான்" என்றாள். அதுவரை ஒரு தடவைகூட அவள் அவரை மரியாதையில்லாமல் சொன்னதில்லை.

வழக்கைத் தாக்கல் செய்தேன். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தது, போனைப் பிடுங்கியது, கணவன் இறந்த செய்தியை எட்டு நாள் மறைத்தது. நஷ்டஈடு என்று ஒரு தொகை போட்டாக வேண்டும், போட்டேன். கோர்ட்டிலிருந்து சம்மன் போனது. இங்கேதான் வீரமலை செய்த காரியம் இருக்கிறதே, அதை வேறு எந்தத் தொழில்காரனும் செய்ய மாட்டான்.

வெளிநாடுகளில் தூதரகத்துக்குக் கோர்ட் காகிதம் எதுவும் வந்தால் அவர்கள் பிரிப்பதில்லையாம். உரிய வழியில் அனுப்பவும் என்று ஒரு குறிப்பு எழுதி அப்படியே திருப்பிவிடுவார்களாம். இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்து பழகிய கை. ஸ்ரீரங்கத்துத் தபால்காரர் கொண்டுபோன ரிஜிஸ்தர் தபாலையும் அவர் பிரிக்கவில்லை. கவரின் மேல் அழகான கையெழுத்தில், 'ஏற்பதற்கில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக அனுப்பவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சட்டம் தெரியாமல் இல்லை. இளம் அதிகாரிகளுக்கு இதே பாடத்தை நடத்தியவர் அவர். கரண்ட் போனது தெரிந்தும் கை சுவிட்சைத் தேடிப் போகிறதல்லவா, அந்தப் பழக்கம்தான்.

அடுத்து, சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற கோர்ட் அமீனா காத்தமுத்து நேரில் போனார். நேர்மையான மனிதர், கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவர். திரும்பி வந்து கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இப்படி இருந்தது: 'பிரதிவாதி கதவைப் பாதி திறந்து, தன்மீது எந்த நீதிமன்றமும் வழக்கு எடுக்க முடியாது என்றும், ஜட்ஜை வியன்னா ஒப்பந்தம் படித்துவிட்டு வரச் சொல்லுமாறும் கூறிக் கதவைச் சாத்திவிட்டார். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.' ஜட்ஜம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒட்டின காகிதத்தை அந்த மாடியில் குடியிருக்கும் அத்தனை பேரும் நின்று படித்திருக்கிறார்கள். அவர் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். மூன்று வாய்தா வரவில்லை. வராதவர் என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஜெஸிமாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. நான் ஸ்வீட் வாங்கி வைத்திருந்தேன். ஜெஸிமா தொடவில்லை. "அவன் வரவே இல்லையே" என்றாள்.

தீர்ப்பை நிறைவேற்றக் காத்தமுத்து மறுபடி போய் நின்றபோதுதான் வீரமலைக்கு விழிப்பு வந்தது. அவசரமாக வக்கீல் வைத்தார். தங்கையன் சார், அனுபவமுள்ளவர். தீர்ப்பை ரத்து செய்து வழக்கை மறுபடி நடத்த வேண்டும் என்று மனு போட்டார்கள். நான் எதிர்த்திருந்தால் அது நின்றிருக்காது. அந்தக் கவர் ஒன்றே போதும். ஆனால் ஜெஸிமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதிர்க்காத. வரட்டும்."

"உனக்குப் பைத்தியமா? கையில இருக்கிற தீர்ப்பை விடுறேங்கிறியே. மறுபடி நடந்தா தோத்தாலும் தோத்துடுவோம்."

"நான் உங்கிட்ட தீர்ப்பு கேட்டா வந்தேன்? அவன் கூண்டுல ஏறணும். ஏறுவேன்னு எழுதிக் குடுத்தா விட்டுரு."

அப்படியே எழுதி வாங்கினேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை, அவ்வளவு கோபம் எனக்கு. கோபத்துக்குத் தகுந்த மாதிரி அவருடைய பதில் மனுவும் வந்தது. செய்தி தனக்கு 27ஆம் தேதி காலையில்தான் கிடைத்ததாம். கிடைத்த மறுநிமிடமே சொல்லிவிட்டாராம். 19ஆம் தேதி வந்த அழைப்பில் ஒன்றும் காதில் விழவில்லையாம். ஹாலித் போனில் செய்தியைச் சொன்னதற்குச் சாட்சி ஹாலித் மட்டும்தான். சொந்தத் தம்பியின் சாட்சி எத்தனை தூரம் போகும்? ஜெஸிமா அந்த மனுவை என்னை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டபோது நான் மூடி வைத்துவிட்டேன்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு ஹாலித் தன் பழைய போனோடு வந்தான். எதையும் அழிக்கத் தெரியாத பிள்ளை அவன். அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கடந்த நவம்பரில் வீரமலை கூண்டில் ஏறினார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ரஞ்சனி பின் பெஞ்சில். ஜெஸிமா முன் பெஞ்சில், என் நாற்காலிக்கு நேர் பின்னால். நான் அவசரப்படவில்லை. பாஸ்போர்ட், போன் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே வந்தேன்.

"தூதரக வேலையில யாராவது இறந்துட்டா இரங்கல் செய்தி அனுப்புவீங்களா?"

"நிச்சயமா. அது எங்க முறை. எத்தனை வேலை இருந்தாலும் அன்னைக்கே அனுப்பிடணும்."

"நீங்க ஒருநாளும் தவறினதில்லையே?"

"இல்லை." பெருமையாகத்தான் சொன்னார்.

ஹாலித்தின் போனில் இருந்த மெசேஜை அச்செடுத்து, சான்றிதழோடு பதிவு செய்திருந்த காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். "இது உங்க நம்பர்தானே? சத்தமா வாசிங்க."

அவர் கண் அந்தக் காகிதத்தில் ஓடியது. பிறகு தங்கையன் சாரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசிங்க" என்றார் ஜட்ஜம்மா.

"'தங்கள் சகோதரர் ஜமீல் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். ஜெஸிமாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். நீங்கள் யாரும் அழைக்க வேண்டாம்.'"

"தேதியும் நேரமும்?"

"ஜனவரி பத்தொன்பது. சாயங்காலம்... ஆறு பன்னிரண்டு."

"அப்ப எந்தத் தேதியில உங்களுக்குத் தெரியும்?"

எனக்குப் பின்னால் ஜெஸிமா எழுந்து நின்றுவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். உட்காரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"பத்தொன்பதாம் தேதி" என்றார் வீரமலை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அவங்களுக்குச் சிரமம் குடுக்க வேணாம்னு நினைச்சேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல எழுதின வாக்குமூலத்தில் அவர் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். ஜெஸிமா அந்தக் கை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள், இதோடு ஆறிவிடுவாள் என்று நான் நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

வராந்தாவிலேயே தங்கையன் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு சர்வதேச அமைப்பில் ஆலோசகர் பதவிக்கு வீரமலை பெயர் தேர்வாகியிருக்கிறதாம். ஐந்து வருஷம், வெளிநாட்டில், பழைய மாதிரியே எல்லாச் சலுகையும் பாதுகாப்பும் உண்டு. ஒரே ஒரு சிக்கல். தன்மீது வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கெடு ஏழு நாள். என்ன மாதிரி வேண்டுமானாலும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறார், கேட்ட தொகையும் தருகிறார், அம்மா வழக்கை வாபஸ் வாங்கினால் போதும் என்றார்.

ஜெஸிமாவிடம் அப்படியே சொன்னேன். யோசிக்கவே இல்லை. "முடியாது" என்றாள். நான் அதைச் சொல்லத் திரும்பியபோது என் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப சொல்லாத. நான் சொல்லச் சொல்றப்ப சொல்லு."

தங்கையன் சாரிடம், "கட்சிக்காரம்மா இன்னும் பதில் சொல்லச் சொல்லல சார்" என்றேன். அது பொய்யில்லை. தொழிலுக்கு அழகா என்று கேட்டால் இல்லை. அன்றைக்கு எனக்கு அழகைப் பற்றிக் கவலையில்லை.

மறுநாள் காலை தங்கையன் சார் போன் செய்தார். இன்னும் சொல்லச் சொல்லவில்லை என்றேன். அடுத்த நாளும் செய்தார். வீரமலை சாப்பிடுவதில்லை என்றார். ஐந்தாம் நாள் மன்னிப்புக் கடிதத்தை எழுதியே அனுப்பிவிட்டார்கள், மூன்று பக்கம். ஆறாம் நாள் ரஞ்சனி ஹோட்டலுக்கே போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்று கெஞ்சினாளாம். ஜெஸிமா அவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஏழாம் நாள் போன் நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தது. நடுவில் ஒருநாள் எனக்கே மனம் இளகி, "பாவம்டி, சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். ஜெஸிமா அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அவளே போன் செய்து, "வரச் சொல்லு" என்றாள்.

வீரமலையும் தங்கையன் சாரும் என் ஆபீஸுக்கு வந்தார்கள். வீரமலைக்கு முகம் கறுத்துப்போய், சவரம்கூட செய்யாமல் இருந்தது. கெடு போய்விட்டது, ஆனாலும் கெஞ்சிக் கேட்டு இரண்டொரு நாள் தள்ளலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருந்தது அவருக்கு. ஜெஸிமா எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன்.

"வாபஸ் வாங்க முடியாதுன்னு சொல்றாங்க சார். தீர்ப்பு வரட்டுமாம்."

பிறகு வீரமலை மெதுவாக ஜெஸிமாவைப் பார்த்துக் கேட்டார். "எப்ப முடிவு பண்ணினேம்மா?"

"அன்னைக்கே சார். கோர்ட் வராந்தாவுல."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா..." அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "நான் வேற வழி பார்த்திருப்பேனே. அன்னைக்கே ஏன் சொல்லல?"

ஜெஸிமா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சிரமம் குடுக்க வேணாம்னு நினைச்சேன் சார்."